தண்டக்காரர் கூப்பிட்ட வீடு

அன்றைக்குக் கூட்டத்தில் இருந்தவர்கள் இவர்கள்.

பெரியதனக்காரர். ஊருக்குத் தலைவர், கங்கையம்மன் கோயிலின் முதல் படி அவர் இடம். தோளில் துண்டு இருக்கும், சட்டை இருக்காது.

அவருக்குப் பக்கத்தில் பஞ்சாயத்தார் நாலு பேர். அதில் ஒருவருக்குக் காது சரியாகக் கேட்காது. அந்தக் காதை வைத்துக்கொண்டே ஊரில் பாதி வழக்கைத் தீர்த்தவர்.

தண்டக்காரர். ஊர் போடும் அபராதத்தை வசூலிப்பவர். கையில் பிரம்பு. கூட்டத்தில் அவர் உட்காரக்கூடாது.

பூசாரி. மடியில் புதுப் பானை.

என் வீட்டுக்காரரின் அண்ணன். முதல் வரிசை, படிக்கு நேர் எதிரே.

அவருடைய இரண்டாவது மகன். கல்யாணம் ஆகாதவன். அதனால் மணலில் போட்ட கோட்டுக்கு வெளியே குந்தியிருந்தான்.

மணலில் மற்ற தலைக்கட்டுக்காரர்கள்.

பொன்னேரியிலிருந்து வந்த இறால் வியாபாரி. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார்.

வலை காயப்போடும் கொம்புகளுக்கு அந்தப் பக்கம் பெண்கள். அதில் நான். இடுப்பில் சின்னவள். பெரியவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாய். அதை யாரும் விரட்டவில்லை.

நான் இப்போது கும்மிடிப்பூண்டியில் மகள் வீட்டில் இருக்கிறேன். சுற்றிலும் கம்பெனிகள். எங்கள் ஊரில் ஒரு கோர்ட்டு இருந்தது என்று சொன்னால் இங்கே சிரிக்கிறார்கள். வக்கீல் இருந்தாரா, காகிதம் இருந்ததா என்று கேட்கிறார்கள். இரண்டும் இல்லை. ஆனாலும் இருந்தது. நான் மூணாவது வரை படித்தவள். எழுத்துக்கூட்டி எழுதுவேன். அந்தக் கோர்ட்டில் என் வழக்கு நடந்தது. அதை எழுதுகிறேன்.

அறுபதுகள் முடிகிற சமயம். எங்கள் ஊர் பழவேற்காடு ஏரிக்கரையில். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், கொம்பு நட்டு வலை கட்ட நல்ல இடங்கள் சில உண்டு. தண்ணீர் இறங்கும்போது இறால் அந்த வழியாகத்தான் கடலுக்குப் போகும். இடம் கொஞ்சம், வீடு அதிகம். அதனால் முறை வைத்து வலை கட்டுவார்கள். அந்த இடத்துக்கும் அந்த முறைக்கும் சேர்த்து ஒரே பெயர், பாடு. பாடு உள்ள வீடு தன் காலில் நிற்கும். பாடு இல்லாத வீடு இன்னொரு வீட்டைப் பார்த்து நிற்கும்.

கல்யாணம் ஆன ஆண் பிள்ளை ஒரு தலைக்கட்டு. ஒரு தலைக்கட்டுக்கு ஒரு பாடு. யார் முதலில், யார் அடுத்து என்பதைச் சித்திரை பிறக்கும் முன் ஒரு காலை வேளையில் பானையில் நறுக்குப் போட்டு எடுப்பார்கள். பனை ஓலையை விரல் நீளத்துக்கு வெட்டி, அதில் வீட்டுக் குறியைக் கீறியிருக்கும். எங்கள் வீட்டுக் குறி இரண்டு கோடும் நடுவில் ஒரு புள்ளியும். வலைக் கொம்பிலும் அதுதான். படகு விளிம்பிலும் அதுதான். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் ஊரில் எல்லாக் குறியும் தெரியும்.

அந்தக் கூட்டம்தான் எங்கள் கோர்ட்டு. மற்ற நாளிலும் கூடும். வலையை அறுத்தவன், முறை மாறிக் கொம்பு நட்டவன், குடித்துவிட்டு அடுத்த வீட்டு வாசலில் பேசக்கூடாததைப் பேசியவன், எல்லாரும் அங்கேதான் வந்து நிற்பார்கள். தண்டம் எண்ணெயாகத்தான் கட்ட வேண்டும். கோயில் விளக்குக்குப் போகும். ஊரில் சண்டை அதிகமான வருஷம் அம்மனுக்கு வெளிச்சம் அதிகம்.

கூடுவதற்கு முன் தண்டக்காரர் பிரம்பால் மணலில் ஒரு கோடு போடுவார். பெரிய வளையம். அதற்கு உள்ளே தலைக்கட்டு மட்டும். கல்யாணம் ஆகாதவர்களும் பெண்களும் வெளியே. வெளியே இருப்பவர்கள் கூட்டத்தைப் பார்த்துப் பேசக்கூடாது. சொல்ல வேண்டியது இருந்தால் தண்டக்காரர் நம்மிடம் நடந்து வந்து, கேட்டுக்கொண்டு, திரும்பப் போய் உரக்கச் சொல்வார். நாம் பேசுவது அங்கே எல்லாருக்கும் கேட்கும். இருந்தாலும் அவர் வந்து கேட்டுக்கொண்டு போவார். அவர் நடந்து போய் முடிக்கும் வரை உள்ளே இருப்பவர்கள் கேட்காதவர்கள் மாதிரி கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சின்ன வயதில் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

தண்டக்காரருக்கு இன்னொரு வேலை உண்டு. பானைக்கு முந்தின நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் வீடு வீடாகப் போவார். வாசல் கழியில் பிரம்பால் இரண்டு தட்டு. "ஊடு உண்டா?" என்பார். உள்ளே இருந்து "உண்டு" என்று வர வேண்டும். ஆண் பிள்ளை ஏரியில் இருந்தால் அம்மா சொல்லலாம், பெண்சாதி சொல்லலாம். யார் குரல் என்பது கணக்கில்லை. வீட்டுக்குள்ளிருந்து வந்தால் அது வீட்டின் குரல். மூன்று தரம் கேட்டும் பதில் வராத வீட்டுக்கு அந்த வருஷம் நறுக்கு கிடையாது. பதில் வந்த வீட்டுக்கு அன்றைக்கே ஓலை வெட்டிக் குறி கீறி மடியில் கட்டிக்கொள்வார்.

என் வீட்டுக்காரர் மார்கழியில் காய்ச்சல் கண்டு போனார். வேறு எதுவும் இல்லை. காய்ச்சல்தான். பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் படகில் கொண்டுபோய், பிறகு வண்டியில் கொண்டுபோனார்கள். திரும்பவும் அதே வண்டியில் கொண்டுவந்தார்கள்.

இரண்டும் பெண் குழந்தைகள். மகன் இருந்து அவனுக்குக் கல்யாணமும் ஆகியிருந்தால் வீடு தலைக்கட்டில் நிற்கும். இல்லாவிட்டால் வீட்டுக்குப் பாடு போய்விடும். அது ஊர் வழக்கம். யாரும் எனக்கு எடுத்துச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்காரரின் அண்ணன் வந்து, "நீ கொழந்தைங்கள இட்டுக்கினு நம்ம ஊட்டுக்கு வந்துரும்மா" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அந்த வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லை. ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டிய சோறு. என் பெரியவளுக்குக் கேட்க வாய் வராது. அவளுக்கு அப்போதே அப்படி. சித்திரை வரட்டும் மாமா, பார்க்கலாம் என்று சொல்லிவைத்தேன்.

போன வருஷம் பானையில் விழுந்தது முப்பத்தேழு நறுக்கு. இந்த வருஷம் புதுத் தலைக்கட்டு யாரும் இல்லை. எங்கள் வீடு ஒன்று குறைந்தால் முப்பத்தாறு. ஊரில் எல்லாரும் அந்தக் கணக்கைப் போட்டுவைத்திருந்தார்கள். ஒரு வீடு குறைந்தால் மற்ற எல்லாருக்கும் முறை ஒரு நாள் முன்னால் வரும். யாரும் அதைப் பேசவில்லை. தெரியும்.

முந்தின நாள் சாயந்திரம் நான் அடுப்பங்கரையில் மடவை மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தேன். பிரம்புச் சத்தம் தெருக்கோடியில் கேட்டது. ஒவ்வொரு வீடாக உண்டு, உண்டு என்று வந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டைத் தாண்டிப் போகும் என்று இருந்தேன்.

வாசல் கழியில் இரண்டு தட்டு.

"ஊடு உண்டா?"

"உண்டு" என்றேன்.

என் வீட்டுக்காரர் ஏரியில் இருக்கும்போதெல்லாம் நான்தான் சொல்லியிருக்கிறேன். வாய் அந்தப் பழக்கத்தில் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் கையில் இருந்த மீனைக் கீழே வைத்தேன்.

பிரம்பு அடுத்த வீட்டுக்குப் போனது. அதற்கு அடுத்த வீட்டுக்கும் போனது. பிறகு கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. தெருவில் அவர் நின்றுவிட்டார் என்று தெரிந்தது. கூப்பிட்ட கூப்பாட்டைத் திரும்ப எடுக்கிற வழக்கம் எங்கள் கோர்ட்டில் கிடையாது. கொஞ்சம் பொறுத்து அடுத்த கழியில் தட்டினார்.

பக்கத்து வீட்டுக்காரி வேலிப் பக்கம் வந்தாள்.

"இன்னாடி, உண்டுன்னுட்டியே?"

"கூப்ட்டாரு. சொன்னேன்."

"அந்தாளுக்குத்தான் வயசாயிப்போச்சு. உனக்கு இன்னா வந்துச்சு?"

"தெரியலக்கா."

"சொன்னது சொன்னே. இப்ப வாய மூடிக்கினு இரு. காலைல இன்னா வருதோ பாக்கலாம்."

விடிந்ததும் மாமா வந்தார். வாசலில் நின்றே பேசினார்.

"நேத்து இன்னாம்மா நடந்துச்சு?"

"தண்டக்காரர் கூப்ட்டாரு மாமா."

"அவர் கூப்புட்டா? நீ ஏன் பதில் சொன்னே?"

"கூப்ட்டாரே."

"நான் சோறு போடமாட்டேன்னு எப்பனா சொன்னேனா?"

"சொல்லல மாமா."

"அப்புறம் இன்னா?"

மாமா குழந்தைகளைப் பார்த்தார். சின்னவள் அவர் வேட்டியைப் பிடித்தாள். கையை மெதுவாக எடுத்துவிட்டுப் போய்விட்டார். நாஷ்டா சாப்பிட்டுப் போங்கள் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அன்றைக்கு அவர் எதிர்க்கட்சி.

கூட்டம் கூடியது. தண்டக்காரர் கோடு போட்டார். பிறகு பதில் சொன்ன வீடுகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். காகிதம் இல்லை. தெரு வரிசையில் மனசுக்குள் நடந்துபோய்ச் சொல்வார். மேலண்டை மூலை வீடு உண்டு. கிணத்தடி வீடு உண்டு. சாய்ஞ்ச முருங்கை வீடு உண்டு. எங்கள் வீட்டுக்கு வந்தபோது குரல் மாறவில்லை. "வேப்பங்கன்னு வீடு உண்டு" என்றார். அடுத்த வீட்டுக்குப் போனார்.

மாமா எழுந்தார்.

"பெரியதனக்காரே, என் தம்பி போயி நாலு மாசம் ஆவுது. அந்த ஊட்டை எப்படிக் கூப்புடலாம்?"

பெரியதனக்காரர் தண்டக்காரரைப் பார்த்தார். "கூப்ட்டியாய்யா?"

"கூப்ட்டேன்."

"ஏன்?"

"பழக்கம். முப்பது வருஷமா அந்தத் தெருவுலதான் போறேன். கால் நின்னுச்சு. கை தட்டுச்சு. வாய் கேட்டுச்சு."

"புத்தி எங்க போயிருந்துச்சு?" என்று மணலில் இருந்து ஒரு குரல்.

"அத ஊட்லயே வெச்சிட்டு வந்துட்டேன்."

எல்லாரும் சிரித்தார்கள். காது கேட்காத பஞ்சாயத்தார், "இன்னா, இன்னா சொல்றான்?" என்றார். பக்கத்தில் இருந்தவர் காதில் கத்தினார். மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகு அவர் தனியாகச் சிரித்தார்.

"நறுக்கு வெட்டிட்டியா?" என்று பெரியதனக்காரர் கேட்டார்.

"வெட்டிட்டேன். பதில் வந்தா வெட்டணும். அதான வழக்கம்?"

"செத்தவன் குறியக் கீறி வெச்சிருக்கியா?" என்றார் மாமா.

"குறி ஆளுக்கு இல்ல நைனா. ஊட்டுக்கு. ஒங்க அப்பன் ஊட்டுக் குறிதான் நீ வெச்சிருக்கே. அவரு இன்னா உயிரோடவா இருக்காரு?"

மாமா கையை வீசினார். "அதெல்லாம் வேற" என்றார்.

"அந்தப் பொண்ணு இன்னா சொல்லுதுன்னு கேட்டுக்கினு வா" என்றார் பெரியதனக்காரர்.

"தப்புப் பண்ணவனே தூது போவுறான் பாரு" என்றார் ஒருவர்.

"வேற ஆள் இருந்தா அனுப்பு" என்றார் பெரியதனக்காரர். வேறு ஆள் கிடையாது. ஊருக்கு ஒரு தண்டக்காரர்தான்.

அவர் நடந்து வந்தார். மணல் சுடத் தொடங்கியிருந்தது. செருப்பு போடக்கூடாது. என் முகத்தைப் பார்க்காமல் வலைக் கொம்பைப் பார்த்துக் கேட்டார்.

"பெரியதனம் கேக்குறாரு. இன்னா சொல்றே?"

ராத்திரி முழுக்க எதை எதையோ சொல்லிப் பார்த்திருந்தேன். அப்போது எதுவும் வரவில்லை. வந்ததைச் சொன்னேன்.

"ஊட்ல இருந்தேன். ஊடு உண்டான்னு கேட்டாங்க. இருக்கசொல்ல இல்லன்னு எப்படிச் சொல்றது? தப்புன்னா கேட்டவர் தப்பு. பதில் சொன்னவ தப்பு இல்ல."

அவர் தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போனார். அவர் போய்ச் சேரும் வரை உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் கடலைப் பார்த்தார்கள். போய் நின்று ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். கடைசியில், "தப்புன்னா கேட்டவர் தப்புன்னு சொல்லுது. என்னத்தான் சொல்லுது" என்று தானாகச் சேர்த்தார்.

மாமா அதைப் பிடித்துக்கொண்டார்.

"அதான் நானும் சொல்றேன். அந்தப் பொண்ணு மேல எனக்கு இன்னா கோவம்? தண்டக்காரர் தப்பு. தண்டம் போடுங்க. போடலன்னா அடுத்த வருஷம் சுடுகாட்ல போயித் தட்டுவாரு."

பஞ்சாயத்தார் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அது வரைக்கும் தண்டக்காரருக்கு யாரும் தண்டம் போட்டதில்லை.

"போட்டா யாரு வசூல் பண்றது?" என்றார் ஒருவர்.

"நான்தான். வலது கைல குடுத்து இடது கைல வாங்கிக்கிறேன்" என்றார் தண்டக்காரர்.

"தப்பாக் கூப்ட்டதுக்கு அம்மனுக்கு ஒரு படி எண்ணெய்" என்றார் பெரியதனக்காரர். தண்டக்காரர் பிரம்பைத் தரையில் வைத்துக் கும்பிட்டு, திரும்ப எடுத்துக்கொண்டார். தண்டம் ஒப்புக்கொண்டால் அப்படித்தான் செய்ய வேண்டும். மற்றவர்கள் செய்து பார்த்திருக்கிறேன். அவர் செய்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மாமா உட்காரப் போனார்.

"உக்காராத. இரு" என்றார் பெரியதனக்காரர். "தண்டம் கேட்டே. போட்டாச்சு. எதுக்குப் போட்டோம்?"

"தப்பாக் கூப்ட்டதுக்கு."

"அப்போ கூப்ட்டான்."

"கூப்ட்டான்."

"கூப்ட்டது நடக்காத விஷயம்னா தண்டம் எதுக்கு?"

மாமா தண்டக்காரரைப் பார்த்தார்.

"கூப்ட்டது நடந்துச்சு. தண்டம் போட்டு நீயே அத நடந்ததா ஆக்கிட்டே. பதில் வந்துச்சா?"

"வந்துச்சு."

"ஊட்டுக்கு உள்ள இருந்தா, வெளிய இருந்தா?"

"உள்ள இருந்துதான்."

பெரியதனக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மாமா நின்றபடியே இருந்தார். ஏரியில் அவரைவிட வலை கட்டத் தெரிந்தவர் ஊரில் இல்லை. அவர் தன் வலையிலேயே கால் வைத்துவிட்டதை எல்லாரும் பார்த்தார்கள். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

ஆனால் அவர் விடவில்லை. "சரி. ஊடு உண்டு. வலை கட்ட ஆள் உண்டா? பொம்பள இடுப்பளவு தண்ணில நின்னு கொம்பு நடுவாளா?"

பெண்கள் பக்கத்தில் இருந்து பக்கத்து வீட்டுக்காரி, யாரிடமும் சொல்லாத மாதிரி ஏரியைப் பார்த்துச் சொன்னாள். "கையால எறா தடவசொல்ல எங்க இடுப்புக்குத் தண்ணி வர்றதில்ல போல."

கூட்டத்தில் கேட்டது. தண்டக்காரர் கொண்டுபோகாத பேச்சு என்பதால் யாருக்கும் கேட்கவில்லை.

அப்போது கோட்டுக்கு வெளியே கை தூக்கினான் மாமாவின் இரண்டாவது மகன். தண்டக்காரர் அவனிடம் நடந்து போனார். அவன் தலையைக் குனிந்து ஏதோ சொன்னான். அவர் திரும்பி வந்து உரக்கச் சொன்னார்.

"பையன் சொல்றான். சித்தி ஊட்டுப் பாட்டுக்கு நான் வலை கட்றேன். நோயாளி ஊட்டுக்கு ஆள் கட்ற மாதிரி பாதிப் பங்கு. எம் பாதிய எங்க ஊட்ல குடுத்துர்றேன்."

மாமா மகனைத் திரும்பிப் பார்த்தார். "இங்க வாடா" என்றார்.

"கோட்டத் தாண்டி அவன் எப்படி வருவான்? நீயே கண்ணாலம் பண்ணி வெக்கல" என்றார் தண்டக்காரர்.

"ஊட்ல சோறு தின்னுக்கினு எதிர்க்கட்சிக்குக் கை தூக்குறான்."

"பாதி உன் ஊட்டுக்குத்தானய்யா வருது. உனக்கு இன்னா பேஜாரு?" என்றார் ஒரு பஞ்சாயத்தார்.

இறால் வியாபாரிக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, முதல் முறை யாருதுன்னு சீக்கிரம் சொன்னீங்கன்னா அட்வான்ஸ் டப்பு குடுத்துட்டுக் கெளம்புவேன். பெட்டில ஐஸ் கரையுது."

"உன் ஐஸுக்கு எங்க ஊர்ல தலைக்கட்டு கெடையாது. நில்லு" என்றார் பெரியதனக்காரர்.

சிரிப்பு அடங்கியதும் மாமா கடைசியாக ஒன்று சொன்னார். குரலை உயர்த்தவில்லை.

"நான் ஒருத்தன் எந்திரிச்சுப் பேசுறதால நான் கெட்டவன். இருக்கட்டும். ஒரு ஊடு கூடினா ஒரு நாள் தள்ளுது. என் ஊட்டுக்கு மட்டுமா தள்ளுது? எல்லா ஊட்டுக்கும்தான். இன்னிக்கு இந்த ஊட்டுக்கு விட்டா நாளைக்கு வேற ஊடு வந்து நிக்கும். இத நெனச்சுக்கினு முடிவு பண்ணுங்க."

உட்கார்ந்துவிட்டார். அவர் சொன்னது நிஜம். என் வீட்டுக்காரரோடு ஒரே படகில் போனவர்கள் மூன்று நாலு பேர் மணலைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை.

பெரியதனக்காரரும் பஞ்சாயத்தாரும் கோயிலுக்குப் பின்னால் போனார்கள். பேசி முடித்துவிட்டுத்தான் வருவார்கள். எங்கள் கோர்ட்டில் பானைக்கான வழக்குக்குத் தீர்ப்பை வாயால் சொல்வது கிடையாது. பானையில் எத்தனை நறுக்கு விழுகிறதோ அதுதான் தீர்ப்பு.

அந்தக் காத்திருப்பு இப்போதும் அப்படியே இருக்கிறது. பட்டைச் சாயம் ஏற்றிய நூல் வலைகள் கொம்புகளில் காய்ந்துகொண்டிருந்தன. அந்த வாசனை நைலான் வலை வந்ததும் போய்விட்டது. பூசாரி பானையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கி விழுந்தார். மாமா மடியிலிருந்து வெற்றிலை எடுத்துத் தண்டக்காரருக்குக் கொடுத்தார். ஒரு படி எண்ணெய் தண்டம் வாங்கிக்கொடுத்த அதே கை. தண்டக்காரர் வாங்கி மென்றார். எங்கள் கோர்ட்டில் அது ஒரு அழகு. எதிர்க்கட்சி என்பது பேச்சு நடக்கும் வரைக்கும்தான்.

எழுபதுகளில் ஒவ்வொன்றாகப் போனது. பெரியதனக்காரர் போனார். தண்டக்காரர் போன பிறகு அந்தப் பிரம்பை எடுக்க ஆள் வரவில்லை. பையன்கள் கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். அன்றைக்குக் கை தூக்கியவனும் பிறகு இரும்புக் கம்பெனிக்குப் போனான். அங்கே ஷிப்டுக்குப் பெயர் கூப்பிடுவார்களாம். முதல் நாள் இவன் பெயரைக் கூப்பிட்டபோது "உண்டு" என்று சொல்லிவிட்டானாம். மேஸ்திரி ஒன்றும் புரியாமல் பார்த்தாராம். வந்து சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

ஒரு தரம் பத்திர விஷயமாகப் பொன்னேரி கோர்ட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் சேவகர் வந்து ஒரு பெயரை மூன்று தரம் கூப்பிட்டார். நல்ல குரல். அந்தப் பெயர்க்காரர் வந்தாரா என்று பார்க்காமல் உள்ளே போய்விட்டார். அவருக்கு ஆயிரம் பேர். எங்கள் தண்டக்காரர் பதில் வருகிறதா என்று கழியில் காதை வைத்துக்கொண்டு நிற்பார்.

அன்றைக்கு அவர் என் வீட்டை நிஜமாகவே பழக்கத்தில்தான் கூப்பிட்டாரா என்று பெண்கள் பிறகு பேசிக்கொண்டார்கள். நான் அவரிடம் கேட்கவில்லை. கூட்டத்தில் பழக்கம் என்று சொன்னார். தண்டமும் கட்டினார். எனக்கு அது போதும்.

வெயில் தலைக்கு மேல் வரும் முன் பெரியதனக்காரர் கோயிலைச் சுற்றி வந்தார். பின்னால் மற்ற நாலு பேர். யார் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. காது கேட்காதவர் மட்டும் நடந்துகொண்டே மாமாவின் தோளில் கை வைத்து அழுத்திவிட்டுப் போனார். அது ஆறுதலா, பாராட்டா என்று தெரியவில்லை.

"பானையக் கொண்டா" என்றார் பெரியதனக்காரர்.

பூசாரி விழித்துக்கொண்டு பானையைக் கவிழ்த்துக் காட்டினார். காலி. படியில் வைத்தார். தண்டக்காரர் போய்ப் பெரியதனக்காரர் பக்கத்தில் குனிந்தார். பெரியதனக்காரர் அவர் காதில் ஏதோ சொன்னார். தண்டக்காரர் தலையாட்டினார். மடியை அவிழ்த்து ஓலை நறுக்குகளை உள்ளங்கையில் எடுத்தார்.

எந்த வீட்டு நறுக்கு என்று சொல்லமாட்டார்கள். குறியைக் காட்டமாட்டார்கள். ஒவ்வொன்றாகப் போடப் போட, பெரியதனக்காரர் எண்ணிக்கை மட்டும் சொல்வார்.

"ஒண்ணு" என்றார்.

எனக்கு முன்னால் இருந்த கொம்பில் எங்கள் வலை காய்ந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் போன பிறகும் அதை எடுத்துக் காயப்போடுவேன். அதன் மேல் கயிற்றில் கட்டை மிதவைகள் வரிசையாக இருந்தன. பெரியதனக்காரர் எண்ண எண்ண நான் ஒவ்வொரு மிதவையாகத் தொட்டுக்கொண்டு போனேன். பத்து தாண்டியது. சின்னவள் இடுப்பிலிருந்து வழுக்கினாள். ஏற்றி வைத்துக்கொண்டேன். இருபது தாண்டியது. கோட்டுக்கு வெளியே மாமாவின் மகன் எழுந்து நின்றுவிட்டான். மாமா தலையைத் தூக்கவில்லை.

முப்பது. முப்பத்தொன்று. ஓலை பானைக்குள் விழும் சத்தம் முதலில் கேட்டது. இப்போது ஓலை மேல் ஓலை விழுந்ததால் கேட்கவில்லை. எண்ணிக்கை மட்டும் கேட்டது.

முப்பத்தைந்து.

"முப்பத்தாறு" என்றார் பெரியதனக்காரர்.

தண்டக்காரர் கையை இறக்கவில்லை. மூடிய கை பானைக்கு மேல் இருந்தது. அதில் ஏதாவது இருக்கிறதா என்று என் இடத்திலிருந்து தெரியவில்லை. என் விரல் அடுத்த மிதவையின் மேல் இருந்தது. அழுத்தவில்லை. பெரியதனக்காரர் மாமாவைப் பார்த்தார். மாமா நிமிர்ந்து பானையைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எண்ணுங்க" என்றார்.

தண்டக்காரர் கையைத் திறந்தார்.

"முப்பத்தேழு."